ஸ்டோர் ரூம் சின்ன சார்

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை என்று மருதமலை இருக்கும் திசையைப் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தியம் செய்கிறேன். யாரோ யாரிடமோ கேட்டு யாருக்கோ சொன்ன சமாசாரம் அல்ல. நந்தகோபால் தம் சொந்தக் குரலில் அரை மணி நேரம் சொன்னது. அந்தக் குரல் எனக்கு முப்பது வருடப் பழக்கம். அவருடைய தொழிற்சாலைக்கு ரப்பர் வாஷர் போட்டவன் நான். முதலில் ஒரு செருமல், பிறகு ‘அதாவது என்னன்னா’. இந்த இரண்டும் வரிசையாக வந்தால் பேசுகிறவர் நந்தகோபால், சந்தேகமே வேண்டாம். அன்று அது பதினோரு முறை வந்தது. எண்ணினேன். இதற்கு மேலும் சாட்சி வேண்டும் என்பவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, அவினாசி ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் அந்தத் தொழிற்சாலை. பம்பு செய்கிறார்கள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நந்தகோபால் அங்கே பொதுமேலாளர். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ஓய்வு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மாலை போட்டு, கம்பெனி பஸ்ஸின் முன் சீட்டில் உட்காரவைத்து, கூடவே எல்லோரும் ஏறிக்கொண்டு, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். வாசலில் ஆரத்தி. உள்ளே காபி, மைசூர்பாகு, மிக்சர். எல்லோரும் பத்து நிமிடம் நின்று அந்த வீட்டு ஷோகேஸைப் பார்ப்பார்கள். “இனிமே சாருக்கு ஜாலிதான்” என்று ஒருவர் சொல்வார். அழுவதற்கு என்று ஒருவர் எப்போதும் இருப்பார். பஸ் ஹாரன் அடிக்கும், கலைந்துவிடுவார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் ஒருவருடைய முப்பது வருடம் முடிந்ததாகக் கணக்கில்லை.

பஸ்ஸில் எத்தனை பேர் என்று தெரிவதற்காகப் பதினைந்து நாள் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். வருகிறவர்கள் பெயர் எழுதவேண்டும். மோல்டிங் ரங்கனுக்கு இரண்டு பஸ் போனது. கேட் வாட்ச்மேனுக்கு முப்பத்து மூன்று பேர். நந்தகோபால் இப்படி அறுபத்தொரு வீடுகளுக்குப் போய் அறுபத்தொரு ஷோகேஸ்களைப் பார்த்தவர்.

அவருடைய தாள் பதினாறாம் தேதி ஒட்டப்பட்டது. அன்றே வீட்டில் நாற்பது டம்ளரை எடுத்துக் கழுவிச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார். மனைவி வசந்தா காலமாகி நாலு வருடம். மகன் கனடாவில். டம்ளர்கள் அவர்கள் கல்யாணத்துக்கு வந்தவை. நாற்பதையும் ஒருசேர எடுத்ததே இல்லை.

தாள் காலியாக இருந்தது. பதினேழாம் தேதியும் காலி. பதினெட்டாம் தேதி தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு பெயர் இருப்பதுபோலத் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். எறும்பு.

அவரை யாரும் வெறுக்கவில்லை. அதைத்தான் முதலில் புரிந்துகொள்ளவேண்டும். வெறுத்திருந்தால்கூட நாலு பேர் வந்திருப்பார்கள், வீடு எப்படி வைத்திருக்கிறான் என்று பார்க்க. விஷயம் வேறு.

இரண்டு வருடம் முன்பு மனிதவளப் பிரிவின் ஹரிணி அவர் அறைக்கு ஒரு தாளோடு வந்தாள்.

“சார், சர்வே ரிசல்ட் வந்திருச்சு. உங்க தலைமை மேல நம்பிக்கை, நாப்பத்தொண்ணு.”

“நூத்துக்கா?”

“நூத்துக்குத்தான் சார்.”

“பாஸ்தானேம்மா?”

“இது பரீட்சை இல்லை சார்.” ஹரிணி உட்கார்ந்தாள். “உங்க மேல தப்பில்லை. முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு நீங்க ஒருத்தர். ஒருத்தரைத் தட்டிக்கொடுக்கணும், ஒருத்தரை அதட்டணும், ஒருத்தர்கிட்ட அவர் பொண்ணு மார்க் கேக்கணும். உங்களுக்கு இருக்கறது ஒரே முகம்.” கொஞ்சம் யோசித்தாள். “அதுவும் இந்த முகம்.”

“அதாவது என்னன்னா, வேற முகத்துக்கு நான் எங்கம்மா போறது?”

“நாங்க போறோம் சார்.”

ஆறு வாரம் அவர் சட்டையில் பொத்தான் போன்ற ஒன்றைத் தைத்துவிட்டார்கள். அது அவர் பேசியது, செருமியது, கோபப்பட்டது, சமாதானமானது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அவருடைய இருபது வருடக் கடிதங்களையும் அதற்கு ஊட்டினார்கள். பிறகு ஒவ்வொருவர் மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு பெட்டி வந்தது. டிபன் கேரியரின் ஒரு அடுக்கு அளவு. முன்னால் ஒரு கண், ஒரு ஒலிபெருக்கி, பின்னால் ஒரு வயர்.

“இது எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பார்க்கும் சார். அவங்களுக்கு எப்படிப்பட்ட நந்தகோபால் வேணுமோ, அப்படிப்பட்ட நந்தகோபாலா பேசும். லீவு குடுக்கும், குறை கேக்கும், வேலை சொல்லும். எல்லாம் உங்க குரல்ல.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“நீங்க ரெஸ்ட் எடுங்க சார்,” என்றாள் ஹரிணி. நல்ல பெண். நிஜமாகவே அவர் நன்மைக்குத்தான் சொன்னாள்.

ஜனங்கள் அந்தப் பெட்டிக்குச் சின்ன சார் என்று பெயர் வைத்தார்கள். ஆறே மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சின்ன சாரும் முந்நூற்றுப் பன்னிரண்டு தினுசாகிவிட்டார்கள். லேத் பிரிவில் ஒருவர் கிரிக்கெட் பைத்தியம். பெயின்ட் பிரிவில் ஒருவர் கெட்ட வார்த்தை பேசினார். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் சாந்தாமணியின் சின்ன சார் அவள் முழங்கால் வலிக்கு வாரா வாரம் ஒரு தைலம் சொன்னார். சர்வே தொண்ணூற்றாறுக்குப் போனது. சங்கத்து ஆபீசில் பூட்டுத் தொங்கியது. செயலாளரின் சின்ன சார் எல்லாக் கோரிக்கையும் நியாயம் என்று தினமும் ஒத்துக்கொண்டதால் அவருக்குப் போராட ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு விசிறி விவகாரம் மட்டும் நந்தகோபாலுக்கு உறுத்தியது. வைண்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் நடுவே ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேன். வருடா வருடம் சண்டை வரும். அவரே கீழே இறங்கிவந்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கி, பாதி பாதி நேரம் என்று பிரித்துவிடுவார். இப்போது சாந்தாமணியின் சின்ன சார், ஃபேன் உங்க பக்கம் இருக்கறதுதான் நியாயம் என்றார். பேக்கிங்காரரின் சின்ன சார், உங்க பக்கம்தான் நியாயம் என்றார். இருவருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. ஃபேன் ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி அதே ஒரு வருடம் ஆகியிருந்தது.

பதினெட்டாம் தேதி எறும்பைப் பார்த்துவிட்டு அவர் நேரே வைண்டிங்குக்குத்தான் போனார்.

“ஐயோ, பெரிய சாருங்களா!” என்று எழுந்தாள் சாந்தாமணி. “ஏனுங் சார், ஏதாச்சும் தப்பு நடந்துபோச்சுங்களா?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா வந்தேன். முழங்கால் எப்படியிருக்கு?”

“அதைத்தான் காத்தால நீங்களே கேட்டீங்களே,” என்று பெட்டியைக் காட்டினாள். “இப்ப தேவலைன்னு சொன்னனே.”

“அதாவது என்னன்னா, முப்பத்தொண்ணாம் தேதி எனக்கு…”

“தெரியுமுங் சார். சின்ன சார்கிட்டக் கேட்டனுங்க, நீங்க போயிருவீங்களான்னு. நான் எங்கியும் போகலை சாந்தாமணி, இங்கியேதான் இருப்பேன்னாரு. அதுக்கப்பறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு.” அவள் கண் கலங்கியது. பெட்டியை முந்தானையால் ஒரு முறை துடைத்தாள். “போகாதவரை எதுக்குங் சார் பஸ்ல கொண்டுபோய் விடறது?”

நந்தகோபால் குனிந்து பெட்டியின் கண்ணுக்கு நேரே முகத்தைக் காட்டினார். உடனே அது குரலை மாற்றிக்கொண்டு, “வணக்கம். தாங்கள் மூலப் பிரதி. சோதனை ஓட்டம் தொடங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று” என்றது. இப்படித்தான் எல்லாப் பெட்டியும். தொழிற்சாலையில் எல்லோரோடும் பேசும் நந்தகோபால், நந்தகோபாலோடு மட்டும் பேசமாட்டார்.

இந்த இடத்தில் அர்ச்சுனனைச் சொல்லியாகவேண்டும். எந்த ஆபீசிலும் மேலாளர் மாதிரிப் பேசிக் காட்டுகிற ஆள் ஒருவன் இருப்பான். இங்கே அர்ச்சுனன். பன்னிரண்டு வருடம் முன்பு ஆண்டு விழாவில் மேடையேறி நந்தகோபாலைச் செய்து காட்டினான். செருமல், பேண்ட்டை இழுத்துவிடுவது, ‘அதாவது என்னன்னா’. ஐந்து நிமிடத்தில் பதினோரு முறை சொன்னான். ‘ஒரு நாளைக்கே நான் மூணு தடவைக்கு மேல சொல்றதில்லை’ என்பது நந்தகோபாலின் கட்சி. கொட்டகை சிரிப்பில் ஆடியது. மறுவாரம் அர்ச்சுனன் அசெம்பிளியிலிருந்து ஸ்டோருக்கு மாற்றப்பட்டான். நிர்வாகக் காரணம் என்று ஆர்டர். ஸ்டோர் என்றால் வளாகத்தின் கடைசி மூலை. ஸ்பேனர் வேண்டியவன் வந்து வாங்கிப்போனால் உண்டு, இல்லாவிட்டால் அங்கே மனித வாடையே கிடையாது. சின்ன சார்கள் வந்த பிறகு அவன் மிமிக்ரிக்கும் கிராக்கி போய்விட்டது. அசலே மேஜைமேல் இருக்கும்போது நகலை யார் கேட்பார்கள்?

தாள் ஒட்டுவதற்கு மூன்று நாள் முன்பு ஆயுத பூஜை வந்துபோயிருந்தது. லேத், டிரில், ஸ்பேனர், தராசு, கம்ப்யூட்டர் மவுஸ், ஸ்விட்ச், பிளக் என்று தொழிலுக்கு உதவுகிற எதையும் விடாமல் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தார்கள். சீரியல் லைட் மாட்டக் கரண்ட் போதாமல் கண்ணில்பட்டதையெல்லாம் பிடுங்கிச் சொருகினார்கள். சின்ன சாரும் தொழிலுக்கு உதவுகிறவர்தானே? அவருக்கும் நெற்றி என்று ஒன்று வேண்டுமே. இருப்பதோ ஒரே கண். பக்தியோடு அதன்மேலேயே அப்பிவிட்டார்கள். பூஜைப் பொட்டை அழிக்கக்கூடாது, தானாக உதிரவேண்டும். ஆனால் மறுநாள் காலையில் எல்லாப் பெட்டியும், “ஒண்ணும் தெரியலைம்மா, கண்ணைக் கொஞ்சம் துடைச்சுவிடு” என்று கேட்க, சார் சொல்லிவிட்டாரே என்று துடைத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு பெட்டி கேட்கவில்லை. அது நந்தகோபாலுக்குத் தெரிந்தது பத்தொன்பதாம் தேதி மதியம், எங்கே போவதென்று தெரியாமல் நடந்து ஸ்டோர் வரை போனபோது. கம்பி ஜன்னல். ‘சாப்பாட்டு நேரம் 1 – 1.30’ என்று அட்டை. உள்ளே கூரை வரை ரேக்குகள், ஆள் இல்லை. கவுண்டர்மேல் சின்ன சார், கண்ணில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் காய்ந்த ஒரு சாமந்தி.

கண் தெரியாத பெட்டி. அதாவது, மூலப் பிரதியை அடையாளம் தெரியாத பெட்டி.

நந்தகோபால் இருபுறமும் பார்த்துக்கொண்டார். அம்பத்தெட்டு வருடத்தில் அவர் யார் மாதிரியும் பேசிக் காட்டியவர் அல்ல. வந்த செருமலை விழுங்கிக்கொண்டு, அர்ச்சுனன் இழுக்கிற மாதிரி இழுத்தார். “ஏனுங் சார்… நான் அர்ச்சுனன் பேசறேனுங்…” வாயில் சூடான பஜ்ஜி வைத்துக்கொண்டு பேசியதுபோல் வந்தது.

எங்கோ ஒரு பாத்திர மூடி விழுந்து உருண்டு அடங்கியது. பிறகு ஒரு செருமல்.

“அதாவது என்னன்னா… எந்த அர்ச்சுனன்?”

“ஸ்டோர் அர்ச்சுனனுங்க.”

“அப்படியா. சொல்லு அர்ச்சுனா. உன் குரலுக்கு என்னாச்சு?”

“சளிங்க.”

“சுக்குக் காபி குடி.”

சுக்குக் காபி குடி என்று ஒருவர் நந்தகோபாலிடம் சொல்லி நாலு வருடம் ஆகியிருந்தது. சொன்னது தாமேதான் என்பது அந்த நேரத்துக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

“சும்மா பேசலாம்னு வந்தனுங்க,” என்றார்.

“பேசு. எனக்கென்ன வேலை இங்க.”

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். ஒன்றே கால் மணிக்கு ஸ்டோர் ஜன்னல். மழை பெய்யாததைப் பற்றி, கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் எண்ணிக்கை குறைந்தது பற்றி, இடுப்பு வலி பற்றி. பெட்டி பொறுமையாகக் கேட்டது. சில சமயம் மெல்லுகிற சத்தம் வந்தது. ஒரு நாள் ஏப்பமே வந்தது. ஆறு வாரமும் சாப்பாட்டு நேரத்தைச் சேர்த்துத்தான் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நந்தகோபால் தெளிந்தார். மோர்மிளகாய் கடிபடுகிற சத்தம் வரை துல்லியம். வாசனைகூட லேசாக வருகிற மாதிரி இருந்தது. விலை அதிகம் என்று வாங்கும்போது முணுமுணுத்தது தப்பு என்று நினைத்துக்கொண்டார்.

“மேல ரூம்ல பெரிய சார் ஒருத்தர் இருக்காருங்கல்ல,” என்றார் ஒரு நாள், “அவரு என்ன பண்றார்னு தெரியுங்களா? பதினோரு மணிக்கு டீ வருதுங்க. அந்த ஃப்ளாஸ்க்கைப் பார்த்து, ‘வாப்பா, உட்காரு’ங்கறாரு.”

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“ஸ்டோர்க்காரனுக்குத் தெரியாதுங்களா?”

“ம்,” என்றது பெட்டி. “ஃப்ளாஸ்க் என்ன சொல்லுதாம்?”

நந்தகோபால் சிரித்துவிட்டார். தம் குரலுக்கு இப்படிக் கிண்டல் வரும் என்று அவருக்கு அன்றுதான் தெரியும்.

இருபத்து நாலாம் தேதி, தாள் இன்னும் காலி. அன்று வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார். தன்னைத் தானே கேட்டால் தனக்கு வேண்டிய பதிலைச் சொல்லிக்கொள்ளலாம். இப்படி வெளியே நின்று கேட்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

“சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பன்னெண்டு வருஷம் முன்ன என்னைய எதுக்கு இந்த மூலைக்குத் தள்ளுனீங்க?”

தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்று, மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது.

“நிர்வாகக் காரணம்.”

“அது ஆர்டர்ல எழுதியிருக்குதுங்க.”

“நீயே சொல்லு அர்ச்சுனா. உனக்கு என்ன தோணுது?”

நந்தகோபால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எல்லாரும் சிரிச்சாங்க. அது பரவாயில்லை. முன் வரிசையில வசந்தா உக்காந்திருந்தா. கண்ணுல தண்ணி வர, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. வீட்டுல அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. என்னால இருபது வருஷத்துல முடியாததை ஒருத்தன் என் குரல்லயே அஞ்சு நிமிஷத்துல பண்ணிட்டான். அதுக்குத்தான்.”

இழுவை போய்விட்டது, வசந்தா ‘அம்மா’ ஆகாமல் வசந்தாவாகவே வந்துவிட்டாள். அவர் கவனிக்கவில்லை.

பெட்டி செருமவில்லை. “அம்மா சிரிச்சாங்களா?” என்றது மெதுவாக.

“சிரிச்சா.”

“லைட்டு கண்ணுல அடிச்சுது. நான் பார்க்கவே இல்லை.” கொஞ்ச நேரம் கழித்து, “பஸ்ஸுக்குப் பேர் எழுதிட்டியா?” என்று கேட்டது.

நந்தகோபாலுக்கு வேஷம் ஞாபகம் வந்தது. “நான் எதுக்குங்க எழுதோணும்? பன்னெண்டு வருஷம் மூலையில கெடந்தவன்? எழுத மாட்டானுங்க… எழுத மாட்டேனுங்க.”

“சரி. சும்மா கேட்டேன்.”

மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் ஒரு பெயர் இருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தார். எறும்பு இல்லை. ஸ்டோர் ரசீதுகளில் வருகிற அதே சாய்ந்த எழுத்து: 1. கா. அர்ச்சுனன்.

முதல் ஐந்து நிமிடம் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆறாவது நிமிடம் ஒரு நினைப்பு வந்தது. நேரே ஹரிணியிடம் போனார்.

“ஏம்மா, பெட்டி ஒண்ணு சொன்னா ஆளுங்க செஞ்சிருவாங்களா?”

“நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் செஞ்சிருவாங்க சார். தாங்களா விரும்பிச் செய்யற மாதிரியே செய்வாங்க. அதுக்குத்தானே வச்சோம்?”

விளங்கிவிட்டது. நேற்றுப் புலம்பியதைக் கேட்ட பெட்டி, உண்மையான அர்ச்சுனன் வந்து உட்கார்ந்ததும் அவனைப் பிடித்துக் கரைத்திருக்கிறது. தமக்காகத் தாமே சிபாரிசு செய்து, தாமே ஆள் பிடித்து, தாமே வழியனுப்பிக்கொள்ளப் போகிறார். பேனாவை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரை அடித்துவிடுவதென்று போர்டு வரை போனார். கை வரவில்லை. ஒரு பெயராவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் அதன் பிறகு ஸ்டோருக்குப் போகவில்லை. ஆறு நாளும் ஒன்றே கால் மணிக்கு ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்.

முப்பத்தொன்றாம் தேதி விழா சிறப்பாக நடந்தது. முந்நூற்றுப் பதினோரு பெட்டிகளையும் கொட்டகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் பூ வைத்திருந்தார்கள். ஸ்டோர் பெட்டியை மட்டும் அர்ச்சுனன் மடியில் வைத்திருந்தான். ஏற்புரையைச் சின்ன சார்கள் ஒரே குரலில் நிகழ்த்தினார்கள். இங்கியேதான் இருப்பேன் என்று முடித்தபோது சாந்தாமணி விம்மி விம்மி அழுதாள். மூலப் பிரதியிடம் யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை. அதே பேச்சை இரண்டு தடவை எதற்கு? ஹரிணி ஒரு சால்வை போர்த்தினாள்.

“நினைவுப் பரிசா ஒரு சின்ன சார் எடுத்துக்கலாம் சார். எது வேணும்?”

“ஸ்டோர் பெட்டி,” என்றார் அவர்.

அர்ச்சுனனுக்கு முகம் செத்துவிட்டது. “வேண்டாமுங் சார்,” என்றான். “அது… பழசுங்க. நல்லதா வேற எடுத்துக்கோங்.”

“அதே இருக்கட்டும்.”

நாற்பது சீட் பஸ்ஸில் மூன்று பேர் ஏறினார்கள், டிரைவரையும் சேர்த்து. “சொல்லியிருந்தா காரையே எடுத்திருப்பனுங்களே சார்,” என்றார் டிரைவர். நந்தகோபால் மாலையோடு முன் சீட்டில். அர்ச்சுனன் ஏழெட்டு வரிசை தள்ளிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாசலில் இருவரும் நின்றார்கள். ஆரத்தி எடுக்க ஆளில்லை. நான் எடுக்கட்டுமா என்று கேட்க அர்ச்சுனன் வாயைத் திறந்து, ஆண்கள் எடுப்பது வழக்கமா என்று தெரியாமல் மூடிக்கொண்டான். உள்ளே போனார்கள். மேஜைமேல் நாற்பது டம்ளரும் கவிழ்ந்திருந்தன. அர்ச்சுனன் அவற்றை ஒரு பார்வை பார்த்தான். இரண்டை நிமிர்த்தி வைத்தான்.

நந்தகோபால் காபி கலந்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார். வந்தவனை என்ன கேட்பது என்று தெரியவில்லை. பெட்டியைக் கேட்கலாம், நீதானே இவனை வரச் சொன்னாய் என்று. பின்னால் சுற்றி வைத்திருந்த வயரை அவிழ்த்து, பிளக்கைச் சுவரருகே கொண்டுபோனார்.

கை அங்கேயே நின்றது.

பிளக்கின் மூன்று பின்னையும் மூடிச் சந்தனம் அப்பியிருந்தது. காய்ந்து கெட்டியாகி, நடுவில் குங்குமத்தோடு, ஒரு கீறல் இல்லாமல். பூஜை அன்று வைத்தது வைத்தபடி. அதன் பிறகு அந்தப் பிளக் ஒரு முறைகூட எந்தச் சுவரிலும் நுழைந்ததில்லை. சீரியல் லைட்டுக்காகப் பிடுங்கியவர்கள் திரும்பச் சொருகவே இல்லை. அதனால்தான் அந்தப் பெட்டி மட்டும் கண்ணைத் துடைக்கச் சொல்லவில்லை.

பாத்திர மூடி. மோர்மிளகாய். ஏப்பம். லைட்டு கண்ணுல அடிச்சுது. அன்று லைட்டுக்கு நேரே மேடையில் நின்றவன் ஒருவன்தான்.

திரும்பினார். அர்ச்சுனன் வழக்கப்படி ஷோகேஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் வசந்தா வாங்கிவைத்த ஒரு பீங்கான் வாத்து தவிர ஒன்றும் இல்லை. ஒரு வாத்தைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

நந்தகோபால் பிளக்கைச் சந்தனம் உதிராமல் கீழே வைத்தார். வந்த செருமலை விழுங்கிக்கொண்டார்.

“ஏனுங் சார்,” என்றார், “நான் அர்ச்சுனன் பேசறேனுங்.”

ஷோகேஸ் பக்கத்தில் அர்ச்சுனன் திரும்பாமல் நின்றான். பிறகு ஒரு செருமல்.

“சொல்லு அர்ச்சுனா.”

“பஸ்ஸுக்கு என் பேரை எழுதச் சொன்னது யாருங்க?”

“அதாவது என்னன்னா…” குரல் கொஞ்சம் உடைந்து, சரியாயிற்று. “யாரும் சொல்லலை. நீயா எழுதினே. இன்னைக்கும் ஒண்ணேகாலுக்கு எவனாச்சும் ஜன்னலுக்கு வருவானான்னு தினமும் அதுவரைக்கும் சோத்தைப் பிரிக்காம உட்கார்ந்திருந்தியே, அப்புறம் எப்படி எழுதாம இருப்பே?”

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். வழக்கமான பத்து நிமிடம். யாரும் கிளம்பவில்லை. அர்ச்சுனன் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நந்தகோபாலின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். நந்தகோபால் எதிரே, சீட்டு நுனியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாத்து ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்களாம்.

இவ்வளவும் நந்தகோபால் சொன்னது, சத்தியம் செய்தபடி ஒரு சொல் கூடாமல் குறையாமல். சொல்லிவிட்டு ஒரு முறை செருமினார், ஃபோனை வைத்துவிட்டார்.

அந்த அழைப்பு நவம்பர் ஏழாம் தேதி மதியம் ஒன்றே கால் மணிக்கு, தொழிற்சாலையின் ஸ்டோர் நம்பரிலிருந்து வந்தது.